ஹகுபா போகிறீர்களா? பெட்டியை முதலில் அனுப்பிவிடுங்கள்

ஜப்பானின் ஹகுபாவுக்குப் பனிச்சறுக்கு விளையாடப் போகிறவர்கள் பெரிய பெட்டியை ரயிலில் இழுத்துக்கொண்டு அலைய வேண்டாம். டோக்கியோ விமான நிலையங்களிலேயே ‘தக்யூபின்’ என்ற பெட்டி அனுப்பும் சேவையின் கவுன்டர் இருக்கிறது. விடுதி முகவரியையும் போய்ச் சேரும் தேதியையும் எழுதிக் கொடுத்தால் பெட்டி நேராக அங்கே போய்விடும். அன்றைக்கே சேராது, பனி கொட்டினால் இன்னும் தாமதமாகும். அதனால் இரண்டு நாளுக்கான உடையும் மருந்தும் தோள்பையில் இருக்கட்டும். அப்புறம் நாகானோ வரை ஷின்கான்சென் அதிவேக ரயில், அங்கிருந்து பேருந்து. கையை வீசிக்கொண்டு ஏறலாம்!

சறுக்குப் பலகை, பூட்ஸ், ஜாக்கெட் எல்லாம் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். கையுறை பெரும்பாலும் அதில் சேராது. நனையாத ரகமாக ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் பனி அருமையாக இருக்கும். புத்தாண்டு வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அறை கிடைப்பதே கஷ்டம்.