அடுத்த வாரம் என்ன வீடியோ போடுவது?

யூடியூபில் வாரம் ஒரு வீடியோ போடுகிறவர்கள் திண்டாடுவது பெரும்பாலும் எடிட்டிங்கில் இல்லை, 'இந்த வாரம் என்ன போடுவது?' என்பதில்தான். அதற்கு ஒரு கூகுள் ஷீட் போதும். தேதி, தலைப்பு, தம்ப்நெயில் (வீடியோவின் முகப்புப் படம்) யோசனை, வேலை எந்த நிலையில் இருக்கிறது, அவ்வளவுதான். தனியாக ஆப் எல்லாம் தேவையில்லை. அதை அழகுபடுத்துவதிலேயே பாதி நாள் போய்விடும்.

தலைப்பையும் தம்ப்நெயிலையும் ஷூட்டிங்குக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். 'மொபைலில் தெளிவான ஆடியோ எடுப்பது எப்படி' என்று எழுதிவிட்டால், மைக்கைச் சட்டையில் மாட்டும் க்ளோசப் வேண்டும், ஒரே வரியை மைக்கோடும் மைக் இல்லாமலும் பேசிப் பதிவு செய்ய வேண்டும் என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். எடிட்டிங்கில் உட்கார்ந்த பிறகு தெரிந்தால், மறுபடியும் லைட் செட் பண்ண வேண்டியதுதான்.

அப்புறம், லைட்டும் கேமராவும் ஒருமுறை செட் செய்தால் இரண்டு மூன்று வீடியோவாவது எடுத்துவிடுங்கள். சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டால் சரி.

எடுத்ததை, சேனலை நிர்வகிக்கும் யூடியூப் ஸ்டுடியோவில் ஏற்றி, 'ஷெட்யூல்' கொடுத்து நாளும் நேரமும் குறித்துவிடலாம். அதுவரை வீடியோ பிரைவேட்டாகவே இருக்கும். இதில் இன்னொரு லாபமும் உண்டு: யூடியூப் முதலில் குறைந்த தரத்தில்தான் வீடியோவைத் தயார் செய்யும்; ஹெச்டி, 4கே வரக் கொஞ்ச நேரமாகும். ஏற்றிய கையோடு வெளியிட்டால், முதலில் பார்க்கிறவர்களுக்கு மங்கலாகத் தெரியலாம்.

செய்தி சார்ந்த வீடியோக்களை மட்டும் இப்படி அடுக்கி வைக்காதீர்கள், வெளியாகும் நாளில் பழசாகியிருக்கும். அவற்றுக்காக ஷீட்டில் மாதம் ஓர் இடத்தைக் காலியாக விட்டுவையுங்கள்.