இரு நாடுகளின் வர்த்தகக் கொள்கையை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இறக்குமதிக் கட்டுப்பாடுகளை இலங்கை 1977இலும் இந்தியா 1991இலும் பெருமளவில் தளர்த்தத் தொடங்கின. இவ்விரு நாடுகளையும் ஒப்பிடும் கட்டுரைகள் ஆண்டுதோறும் என் மேசைக்கு வருகின்றன. தொடக்கத்தில் நான் செய்த பிழைகளே அவற்றிலும் திரும்ப வருகின்றன. அலகு மாறுவது, ஆண்டு விடுபடுவது போன்றவற்றை எவரும் தாமே திருத்திக்கொள்வர் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

விகிதத்தையே கொள்கையாகப் படித்தல்

ஏற்றுமதியையும் இறக்குமதியையும் கூட்டி, மொத்த உள்நாட்டு உற்பத்தியால் வகுத்து, அந்த விகிதம் கூடினால் கதவு திறந்தது, குறைந்தால் சாத்தியது என்று முடிவு கட்டுவதைப் பார்க்கும்போது இன்றும் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. வர்த்தகம் எவ்வளவு நடந்தது என்பதை அது சொல்லும். அரசு எவ்வளவு அனுமதித்தது என்பதைச் சொல்லாது.

அண்மையில் ஒரு மாணவர் வரைந்த படத்தில் இலங்கையின் கோடு 2022இல் மேலேறியிருக்க, அதன் கீழே ‘மீண்டும் திறக்கும் பொருளாதாரம்’ என்று எழுதியிருந்தார். டாலர் தட்டுப்பாட்டால் ஆகஸ்டு மாதம் 300 பொருள்களின் இறக்குமதி நிறுத்தப்பட்ட ஆண்டு அது. 2020இல் வந்த வாகன இறக்குமதித் தடையும் நீடித்தது. ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டாலர் 360 ரூபாய்க்கு ஏறியதால், டாலர் கணக்கில் நாட்டின் உற்பத்தி சுருங்கியது. வகுக்கும் எண் சிறுத்ததால் ஈவு பெருத்தது, அவ்வளவுதான்.

நானும் இதைச் செய்தவன். 2014க்குப் பின் இந்தியாவின் விகிதம் சரிந்ததைக் கண்டு, நாடு மூடிக்கொள்கிறது என்று ஓர் அறிக்கையில் எழுதினேன். மூத்த ஆய்வாளர் ஒருவர் அந்தச் சரிவின் மேல் விரலை வைத்து, “இதற்குக் காரணமான அரசாணை எது? தேதியைச் சொல்லுங்கள்” என்றார். என்னால் ஒன்றையும் காட்ட இயலவில்லை. பீப்பாய்க்கு 100 டாலருக்கு மேல் இருந்த கச்சா எண்ணெய் ஓராண்டுக்குள் 50 டாலருக்குக் கீழே இறங்கி, எண்ணெய் வர்த்தகத்தின் மதிப்பு சுருங்கியதே பெருங்காரணம். வரிகள் உண்மையில் பரவலாக உயர்ந்தது 2018ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில். அப்போது விகிதம் ஏறிக்கொண்டிருந்தது! அறிக்கையை முழுவதுமாகத் திருப்பி எழுத எனக்கு நான்கு மாதங்கள் பிடித்தன. அன்றிலிருந்து, கோட்டின் ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஓர் அரசாணையோ வர்த்தமானி அறிவித்தலோ கிடைக்காமல் அதைக் கொள்கை மாற்றம் என்று நான் எழுதுவதில்லை.

சுங்கத் தீர்வையோடு நிறுத்திக்கொள்ளுதல்

இலங்கையின் தீர்வை அட்டவணையில் ஒரு பொருளின் வரிசையைக் கடைசிவரை படித்தால், பொதுத் தீர்வையைத் தாண்டி செஸ் எனும் கூடுதல் வரி, துறைமுக மற்றும் விமான நிலைய அபிவிருத்தி வரி ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பத்திகள் இருப்பதைக் காணலாம். இவை இறக்குமதியின் மேல் விழுபவை என்பதால், பெயர் எதுவானாலும் உள்நாட்டு உற்பத்தியாளருக்குக் காப்பு தருபவை. உள்நாட்டுப் பொருளுக்கும் பொதுவான மதிப்புக்கூட்டு வரியை இவற்றோடு கூட்டக் கூடாது.

நிறையிட்ட சராசரியை மட்டும் தருதல்

வரி விகிதங்களை இறக்குமதி மதிப்பின்படி நிறையிட்டுச் சராசரி எடுத்தால், எவரும் கொண்டுவர இயலாத அளவுக்கு வரி உயர்ந்த பொருளுக்கு நிறை பூச்சியம்; அந்த வரி கணக்கிலேயே வராது. எல்லாப் பொருள்களையும் சமமாக எண்ணும் எளிய சராசரியையும் சேர்த்துத் தாருங்கள்.

உச்சவரம்பை வரியாகக் கொள்ளுதல்

இதற்கு மேல் வரியை உயர்த்துவதில்லை என்று உலக வர்த்தக அமைப்பில் ஒப்புக்கொண்ட வரம்பு வேறு, துறைமுகத்தில் வசூலாகும் வரி வேறு.

அறிவித்த ஆண்டையே திறந்த ஆண்டாக எண்ணுதல்

1991இல் இந்தியாவில் இயந்திரங்களுக்கும் இடைநிலைப் பொருள்களுக்கும் இறக்குமதி உரிமக் கட்டாயம் தளர்ந்தது, நுகர்பொருள்கள் காத்திருந்தன. எஞ்சிய 715 இனங்கள் மீதான அளவுக் கட்டுப்பாடு 2001 ஏப்ரல் 1 அன்றுதான் நீங்கியது. உரிமமின்றிக் கொண்டுவரவே முடியாத ஒரு பொருளுக்கு 1995இல் வரி குறைந்தது என்பது எதையும் சொல்லாது. ஆகவே உரிமப் பட்டியலுக்குத் தனிக் கோடு வரையுங்கள்.