பாதிச் சுற்றில் நிற்கும் கணக்கு மெஷினைக் கழற்றாதீர்கள்

போன மாதம் ஒரு தம்பி, பழைய சாமான் கடையில் வாங்கிய பத்து பட்டன் ஆடிங் மெஷினோடு வந்தான், காகிதச் சுருளில் அச்சடித்துத் தரும் வகை. கூடவே ஒரு பிளாஸ்டிக் டப்பா, அது நிறைய ஸ்பிரிங்கும் லீவரும். "நடுவுல மாட்டிக்கிட்டு நின்னுச்சுண்ணே, கழற்றிப் பார்த்தா தெரியும்னு நினைச்சேன்" என்றான். பல வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே காரியம். அவனுக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர் இப்படியே டப்பாவோடு வந்திருக்கிறார்கள், அதனால்தான் இந்த மெஷின்களில் செய்யக் கூடாத தப்புகளை உட்கார்ந்து எழுதிவிடுகிறேன். பிளக்கைப் பிடுங்காமல் திறப்பது, 110 வோல்ட் மெஷினை நம்மூர் 230 வோல்ட்டில் செருகுவது, இதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

ஒரு சுற்றுக்குள் என்ன நடக்கிறது

இது தெரியாமல் கை வைப்பதுதான் பாதிப் பிரச்சினைக்குக் காரணம், அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 7 என்று அழுத்தினால் உள்ளே ஒரு சின்னப் பெட்டியில் ஒரு பின் இறங்கும், பெட்டி ஒரு பத்தி இடதுபக்கம் நகரும். இன்னும் கணக்கே தொடங்கவில்லை. கூட்டல் பட்டனை அழுத்தியதும் கிளட்ச் பிடித்து மெயின் ஷாஃப்ட் ஒரே ஒரு சுற்று சுற்றி நிற்கும். ஷாஃப்டில் வரிசையாகக் கேம் தகடுகள் இருக்கும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணத்தில் புடைத்திருக்கும், அந்தப் புடைப்பு வரும்போது அதனதன் லீவர் எழும். முதல் கேம் பட்டன்களைப் பூட்டும். அடுத்தது பல் பட்டைகளை அவிழ்த்துவிடும், ஸ்பிரிங் இழுக்க அவை முன்னே ஓடிப்போய் அதனதன் பின்னில் முட்டி நிற்கும். 7 போட்ட பத்தியின் பட்டை ஏழு பல் தூரம் போயிருக்கும், அதோடு இணைந்த அச்செழுத்திலும் 7 காகிதத்துக்கு நேராக வந்திருக்கும். சுத்தி அடிக்கும். அப்புறம் கூட்டுச் சக்கரங்கள் வந்து பட்டைகளின் பல்லில் கோத்துக்கொள்ளும், பட்டை திரும்பி வரும்போது சக்கரம் ஏழு பல் சுழலும். 9 தாண்டி 0க்குப் போன சக்கரம் ஒரு கொக்கியைத் தட்டிவிடும், அதனால் அடுத்த பத்தி ஒரு பல் கூடுதலாக நகரும். கடைசியில் சக்கரங்கள் விலகி, பின்கள் பழைய இடத்துக்கு ஏறி, பட்டன் பூட்டு திறக்கும்.

மொத்தம் எடுக்கும்போதும் இதே உறுப்புகள்தான், கோக்கும் நேரம் மட்டும் வேறு. பட்டைகள் முன்னே ஓடுவதற்கு முன்பே சக்கரங்கள் கோத்துவிடும், பட்டை ஓட ஓடச் சக்கரம் பின்னோக்கிச் சுழன்று பூஜ்ஜியத்தில் முட்டி நிற்கும், எத்தனை பல் சுழன்றதோ அதுதான் அச்சாகும். பட்டை திரும்பும் முன் சக்கரம் விலகிக்கொண்டால் உள்ளே பூஜ்ஜியம், அது மொத்தம். விலகாமல் கூடவே திரும்பினால் எண் மறுபடி சக்கரத்தில் ஏறிவிடும், அது துணை மொத்தம். எனக்கு இந்த மெஷின்கள் மேல் ஆசை வந்ததே இந்த ஒரு இடத்தைப் புரிந்துகொண்ட அன்றுதான். அழிப்பதற்கும் வைத்திருப்பதற்கும் நடுவே இருப்பது ஒரு கேமின் சில டிகிரி.

பாதிச் சுற்றில் கழற்றுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. என் மெஷின் ஏறக்குறைய பாதிச் சுற்றில் நின்றது. காய்ந்து பிசினாகிப்போன கிரீஸ்தான் காரணம், அது அப்போது எனக்குத் தெரியாது. பட்டைகள் முன்னே போயிருந்தன, சக்கரங்கள் கோத்தும் கோக்காமலும் இருந்தன, ஸ்பிரிங்குகள் எல்லாம் இழுபட்டு நின்றன. அந்த நிலையில் கூட்டுச் சக்கரத் தொகுதியின் திருகுகளை அவிழ்த்துத் தூக்கினேன். தூக்கிய நொடியில் உள்ளே ஏதோ படீரென்று ஓடி நின்றது. துடைத்தேன், எண்ணெய் போட்டேன், மறுபடி மாட்டினேன். ஷாஃப்ட் எங்கே நிற்க வேண்டும் என்று தெரியாததால் குத்துமதிப்பாக வைத்து மாட்டினேன். கேமை ஓட்டும் சக்கரம் ஒரு பல் பின்தங்கி உட்கார்ந்துவிட்டது.

ஓட்டிப் பார்த்தேன். 123, 456, மொத்தம் 579. 12 போட்டு 5 கழித்தேன், 7. சந்தோஷமாகத் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டு, இரண்டு மாதம் வீட்டுக் கணக்குக்குக்கூடப் பயன்படுத்தினேன். ஒருநாள் மளிகைக் கணக்கில் 1900, 95 என்று இரண்டு எண். காகிதத்தில் இரண்டும் சரியாகவே அச்சாகியிருந்தன, அடியில் மொத்தம் 1885. நூற்றுப்பத்து குறைகிறது.

இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் பிடிபட்டது. பட்டைகளை எல்லாம் திருப்பித் தள்ளுவது ஒரே குறுக்குக் கம்பி. 9 வரை போன பட்டைதான் அதன் வழியில் முதலில் அகப்படும், 1 வரை போனது கடைசியில். என் சக்கரங்கள் ஒரு பல் நேரம் தாமதமாகக் கோத்தன, அதற்குள் 9 போன பட்டை மட்டும் ஒரு பல் திரும்பிவிட்டிருந்தது, மற்றவை இன்னும் அசையவே இல்லை. அதனால் ஒவ்வொரு 9ம் சக்கரத்தில் 8 ஆக ஏறியது. அச்சு அதற்கு முன்பே அடித்து முடிந்துவிடுவதால் காகிதத்தில் 9 என்றே இருக்கும். 123ம் 456ம் போட்டுப் பார்த்தவனுக்கு இது எப்படித் தெரியும்?

அதோடு முடியவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் பட்டையில் சக்கரம் போய்க் கோத்ததால், இரண்டு மாதத்தில் சக்கரப் பற்களின் நுனி தேய்ந்து உருண்டைதட்டிப் போயிருந்தது. அந்தச் சக்கரம் தனியாக எங்கும் கிடைக்காது. அதே மாடலில் இன்னொரு பழைய மெஷினைத் தேடி வாங்கி, அதை அறுத்துத்தான் இதற்கு உயிர் கொடுத்தேன். நல்ல நிலையில் இருந்த இன்னொரு மெஷின் என் அவசரத்தால் போனது, அதுதான் எனக்கு ஆறாத விஷயம்.

சரி, மாட்டிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும்? முதலில் ஷாஃப்ட் முனையைக் கண்டுபிடியுங்கள். கைப்பிடி மெஷின் என்றால் கைப்பிடியே போதும், மோட்டார் மெஷின் என்றால் மோட்டாரின் அச்சையோ பெல்ட்டையோ கையால் சுற்றலாம். முன்பக்கமாக மட்டும், மெதுவாக. பின்னால் திருப்பப் பார்க்காதீர்கள், தொடங்கிய சுற்று முடியாமல் திரும்பக் கூடாது என்பதற்காகவே ஒரு கொக்கி அங்கே பல்லில் விழுந்துகொண்டே வரும், அதை மீறி இழுத்தால் கொக்கி முறியும். முன்னேயும் போகவில்லை என்றால் பலம் காட்டாதீர்கள். டார்ச் அடித்துப் பாருங்கள், இந்நேரம் திரும்பியிருக்க வேண்டிய ஏதோ ஒன்று திரும்பாமல் நிற்கும், அதன் முளையில் கிரீஸ் கரைக்கும் திரவம் ஒரு சொட்டு விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். எனக்கு மூன்று ராத்திரி ஆனதும் உண்டு. ஷாஃப்ட் தானாக வந்து ஓய்வு நிலையில் உட்கார்ந்த பிறகு, கோத்திருக்கும் இரண்டு பல்லிலும் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்துவிட்டு, அப்புறம் திருகாணியை எடுங்கள்.

பூட்டை அராவுவது

எண்ணை அழுத்திவிட்டு, கூட்டாமல் நேராக மொத்தம் அழுத்தினால் பல மெஷின்களில் பட்டன் இறங்காது. இறங்கக் கூடாது. பின்கள் இறங்கியிருக்கும்போது மொத்தம் எடுக்கப் போனால் பட்டைகள் பின்னில் முட்டிவிடும், சக்கரம் பூஜ்ஜியம் வரை போகாது. இதைப் பழுது என்று நினைத்துப் பூட்டு லீவரை அரத்தால் தேய்த்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். அந்த லீவரை மறுபடி செய்து தர என்னால் முடியவில்லை.

வகுத்தல் நிற்கவில்லை என்று வகுத்தல் பக்கத்தைப் பிரிப்பது

இத்தாலியின் ஒலிவெட்டி கம்பெனியில் ஒரு தொழிலாளியாகச் சேர்ந்து தொழில்நுட்பத் தலைமை வரை உயர்ந்த நத்தாலே கபெல்லாரோ வடிவமைத்த மெஷின்கள்தான் 1948இன் டிவிசும்மா 14ம், 1956இன் டிவிசும்மா 24ம். வகுத்து அச்சும் அடிக்கும் இந்த வகை மெஷின்கள் வகுப்பது கழித்துக் கழித்துத்தான். 17ஐ 5ஆல் வகுக்கச் சொன்னால் 12, 7, 2, அப்புறம் மைனஸ் 3. பூஜ்ஜியத்துக்குக் கீழே போனதும் இடக்கோடிப் பத்தி வரை கடன் வாங்கல் ஓடி, அந்த அசைவே ஒரு லீவரைத் தட்டும். உடனே மெஷின் ஒருமுறை கூட்டி 2க்குத் திரும்பும், ஈவு 3 என்று வைத்துக்கொண்டு அடுத்த பத்திக்கு நகரும். அந்தத் தட்டல் வரவில்லை என்றால் அது கழித்துக்கொண்டே இருக்கும். ஆகவே கோளாறு பெரும்பாலும் வகுத்தல் பக்கத்தில் இருக்காது, இடக்கோடியில் காய்ந்த கிரீஸில் சோம்பிக் கிடக்கும் கொக்கியில்தான் இருக்கும். முதலில் 1 போட்டு 2 கழித்துப் பாருங்கள். மைனஸ் ஒழுங்காக வரவில்லையா, அங்கேயே போய்ப் பாருங்கள்.

எண்ணெய் ஸ்பிரே

வேண்டாம். இரண்டு வருடத்தில் அதுவே புதுப் பிசின்.

கைப்பிடியை வெடுக்கென்று இழுப்பது

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் வில்லியம் சீவார்ட் பரோஸ் தன் ஆடிங் மெஷினுக்கு 1888இல் காப்புரிமை வாங்கினார், ஆனால் ஆரம்ப மெஷின்களில் இழுக்கிறவரின் கை வேகத்துக்கு ஏற்ப விடை மாறியது. எண்ணெய் நிரப்பிய ஒரு உருளையைக் கைப்பிடியோடு சேர்த்த பிறகுதான் யார் எப்படி இழுத்தாலும் உள்ளே ஒரே வேகத்தில் ஓடியது. பழைய கைப்பிடி மெஷினில் அந்த உருளை எண்ணெய் வற்றிக் கிடந்தால் அதை முதலில் கவனியுங்கள், கணக்குத் தப்பு அப்புறம்.

சோதனை எண்

123 போடாதீர்கள். எல்லாப் பத்தியிலும் 9 போட்டு மொத்தம் எடுங்கள், உடனே இன்னொரு முறை மொத்தம் எடுங்கள், இரண்டாவது பூஜ்ஜியமாக வர வேண்டும். அப்புறம் 99999ஓடு 1ஐக் கூட்டி, மேலேறும் எண் ஒவ்வொரு பத்தியாகக் கடைசி வரை ஓடுகிறதா என்று பாருங்கள். பிளக்கைச் செருகும் முன் இதையெல்லாம் கையாலேயே சுற்றிச் செய்துவிடுங்கள். தம்பியின் மெஷினை நேற்று அப்படித்தான் ஓட்டினேன், நான்காவது பத்தியில் மட்டும் இன்னும் 9 எட்டாக ஏறுகிறது.