ஒற்றை அறையில் சமையல்: வாங்கும் முன் சுவரைப் பாருங்கள்

வேலைக்காகச் சென்னைக்கோ கோவைக்கோ ஓசூருக்கோ வந்து ஒற்றை அறையில் தங்குகிறவர்களுக்கு இரண்டு மாதத்தில் ஹோட்டல் சாப்பாடு அலுத்துவிடும், சரி, சின்னதாக ஏதாவது வாங்கி நாமே சமைக்கலாம் என்று தேட ஆரம்பிப்பார்கள். அப்போது எல்லோரும் முதலில் பார்ப்பது விலை, அடுத்து அளவு. அதற்கு முன்னால் உங்கள் அறையில் இருக்கிற பிளக் பாயிண்ட்டைப் பாருங்கள். உங்களால் எதைச் சமைக்க முடியும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

சின்னத் துளைகள் உள்ள பாயிண்ட் 6 ஆம்பியர். நம் ஊர் 230 வோல்ட்டுக்கு அது தாங்குவது 1,380 வாட். ஏசிக்கும் கீசருக்கும் வைக்கிற பெரிய துளை பாயிண்ட் 16 ஆம்பியர், 3,600 வாட் வரை தாங்கும். சாதனத்தின் அடியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் எத்தனை வாட் என்று போட்டிருக்கும். 300 முதல் 400 வாட் குட்டி ரைஸ் குக்கர் எந்தப் பாயிண்ட்டிலும் ஓடும். 1,500 வாட் கெட்டிலும் 1,800 வாட் இண்டக்‌ஷன் அடுப்பும் பெரிய பாயிண்ட்டைக் கேட்கிறவை. பெரிய பிளக்கைச் சின்னப் பாயிண்ட்டில் சொருக ஒரு கன்வெர்ட்டர் விற்கிறார்கள், அதை வாங்கவே வாங்காதீர்கள், செல்போன் சார்ஜர் தொங்குகிற எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலும் இண்டக்‌ஷனைச் சொருகாதீர்கள். பழைய கட்டடமாக இருந்தால் பத்து நிமிடம் ஓடிய பிறகு சுவிட்சை அணைத்துவிட்டு பிளக்கின் மேல்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லும்வரை அந்தப் பாயிண்ட் உங்களுக்கு வேண்டாம்.

வீட்டு உரிமையாளரிடமும் முதலிலேயே பேசிவிடுங்கள், பல மேன்ஷன்களிலும் பிஜி விடுதிகளிலும் சமைக்க அனுமதி கிடையாது. கரண்ட் பில்தான் அவர் கவலை என்றால் கணக்கோடு சொல்லுங்கள்: ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க ஏறக்குறைய 0.1 யூனிட் ஆகும்.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் என் ஓட்டு ஒரு லிட்டர் ரைஸ் குக்கருக்கு. பெயர்தான் ரைஸ் குக்கர், அதில் சாம்பார் சாதம், கிச்சடி, முட்டை, சுண்டல், தட்டு வைத்தால் இட்லி என்று எல்லாம் ஆகும். அது வேலை செய்கிற விதத்தைத் தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அடித்தட்டின் நடுவில் ஸ்பிரிங்கோடு ஒரு குமிழ் இருக்கிறதல்லவா, அதற்குள் இருப்பது ஒரு காந்தம். பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீர் வற்றியதும் சூடு மேலே ஏறி 103 டிகிரி வாக்கில் அந்தக் காந்தம் தன் பிடியை விட்டுவிடும், சுவிட்ச் டக்கென்று மேலே வந்துவிடும். அதனால் பாத்திரத்தின் அடியில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தாலும் ஈரம் இருந்தாலும் கணக்கு தப்பும், ஒன்று சாதம் தீயும், இல்லையென்றால் அரைவேக்காட்டில் நிற்கும். ஒவ்வொரு முறையும் அடியைத் துணியால் துடைத்துவிட்டு வைத்து, பாத்திரத்தை லேசாக இடமும் வலமும் திருப்பி உட்கார வையுங்கள்.

தாளிக்கவும் அதிலேயே முடியும். எண்ணெய் ஊற்றிக் கடுகு போட்டால் தண்ணீர் இல்லாததால் சுவிட்ச் சீக்கிரமே மேலே வந்துவிடும், பழுது என்று நினைக்க வேண்டாம், ஓரிரு நிமிடம் விட்டு மறுபடி அழுத்துங்கள். கொங்குப் பக்கத்து அரிசியும் பருப்பும் சாதம் இதற்கென்றே செய்த மாதிரி இருக்கும். 100 மில்லி பிடிக்கிற சின்ன டம்ளரால் முக்கால் டம்ளர் அரிசி, கால் டம்ளர் துவரம்பருப்பு. பருப்பை மட்டும் ஒரு மணி நேரம் முன்னதாகவே ஊற வைத்துவிடுங்கள், இது பிரஷர் குக்கர் இல்லை, ஊறாத துவரம்பருப்பு இதில் குழையாது (அவசரம் என்றால் பாசிப்பருப்பு போடலாம்). கடுகு, சீரகம், நாலு பல் பூண்டு, கை நிறையச் சின்ன வெங்காயம், ஒரு தக்காளி, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், எல்லாம் வதங்கியதும் அரிசி பருப்பைப் போட்டு மூன்றரை டம்ளர் தண்ணீரும் உப்பும். குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், கஞ்சி பொங்கி மேசையெல்லாம் வழியும். சுவிட்ச் மேலே வந்த பிறகு பத்து நிமிடம் திறக்காமல் விட்டு, அப்புறம் மேலே ஒரு ஸ்பூன் நெய். காலையில் வைத்ததை வார்மிலேயே (சமைத்த பிறகு சூடாகவே வைத்திருக்கிற நிலை) விட்டுவிட்டு ஆபீஸ் போகாதீர்கள், பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போங்கள்.

வைக்கிற இடமும் முக்கியம். பிளைவுட் அலமாரிக்கு அடியில் வைத்தால் ஆவி பட்டுப் பட்டு பலகை ஊதிவிடும். ஜன்னல் ஓரமே நல்லது.

கெட்டிலைத் தண்ணீருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பால் காய்ச்சினால் அடிப்பிடிக்கும், பொங்கி மூடி வழியாக அடிப்பாகத்துக்குள் இறங்கும். பெரும்பாலான கெட்டில்களில் கொதித்ததும் தானாக அணைவது, ஆவி கைப்பிடிப் பக்கம் இறங்கி அங்கே இருக்கிற உலோகத் தகட்டைச் சுட வைப்பதால்தான். மூடியைத் திறந்து வைத்து நூடுல்ஸ் வேக வைத்தால் ஆவி வெளியே போய்விடும், அது அணையாமல் கொதித்துக்கொண்டே இருக்கும். நூடுல்ஸ்தான் வேண்டும் என்றால் அகன்ற வாய் வைத்த மல்ட்டி குக் கெட்டில் தனியாகக் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். போர் தண்ணீரால் உள்ளே வெள்ளையாகப் படிந்தால் எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரைக் கொதிக்கவைத்து அரை மணி நேரம் விட்டுக் கழுவினால் போய்விடும்.

இண்டக்‌ஷன் வாங்குகிறவர்கள் ஒரு காந்தத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பாத்திரக் கடைக்குப் போங்கள். அடியில் ஒட்டினால் அந்தப் பாத்திரம் வேலை செய்யும். வீட்டில் இருக்கிற சாதாரண அலுமினியக் குக்கர் செய்யாது, டீ போடுகிற மிகச் சின்னப் பாத்திரத்தையும் பல அடுப்புகள் கண்டுகொள்வதில்லை. சமைத்து முடித்ததும் உள்ளே ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும், அது நின்ற பிறகுதான் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும்.

சார்ஜ் செய்கிற குட்டி பிளெண்டரை மோருக்கும் பழச்சாறுக்கும் வாங்கலாம், சட்னிக்கு வேண்டாம். தேங்காயும் காய்ந்த மிளகாயும் போட்டால் பிளேடு திணறி நின்றுவிடும். சட்னி ஜாரோடு வருகிற சின்ன மிக்ஸியே மேல். வெங்காயம் நறுக்கக் கயிறு இழுக்கிற சாப்பர் போதும், கரண்டே வேண்டாம்.

இனி பயணம். ரயிலில் கெட்டில் கூடாது. பெட்டியில் இருக்கிற பாயிண்ட் செல்போனுக்கும் லேப்டாப்புக்கும் மட்டும், பல பெட்டிகளில் அது 110 வோல்ட்தான். கேஸ் அடுப்பையும் சிலிண்டரையும் ரயிலில் ஏற்றுவது சட்டப்படி குற்றம். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரையில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டி தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள், மறைத்து எடுத்துவந்த சிலிண்டரில் டீ போடப்போய் வந்த வினை அது. தயவுசெய்து கூட வருகிற பெரியவர்களிடமும் இதைச் சொல்லுங்கள். ரயிலுக்கு வீட்டிலேயே கொதிநீரை நல்ல ஃபிளாஸ்க்கில் ஊற்றிக்கொள்ளுங்கள், கூடவே வறுத்த ரவையில் கடுகு, கறிவேப்பிலை, உப்பு தாளித்துக் கலந்த பொடி. டிபன் பாக்ஸில் ஒரு பங்கு பொடிக்கு இரண்டு பங்கு வெந்நீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்தால் உப்புமா தயார். ஏறி இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் செய்துவிடுங்கள், தண்ணீர் ஆறிப்போனால் ரவை வேகாது.

காரில் சிகரெட் லைட்டர் பாயிண்ட்டில் சொருகுகிற 12 வோல்ட் கெட்டில் 120, 150 வாட்தான் இழுக்கும், அரை லிட்டர் கொதிக்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். வண்டியை நிறுத்திவிட்டு, இன்ஜினை ஓடவிட்டுப் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் பேட்டரி இறங்கும்.

வெளிநாடு போகிறவர்கள் சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்றால் பிளக் மாற்றும் அடாப்டர் மட்டும் போதும், வோல்ட் நம் ஊர் மாதிரிதான். அமெரிக்காவில் 120, ஜப்பானில் 100 வோல்ட். நம் ஊர் 1,000 வாட் கெட்டிலை அங்கே சொருகினால் கால்வாசிச் சூடுதான் வரும், அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மாற்றுமே தவிர வோல்ட்டை மாற்றாது. மடக்குகிற சிலிகோன் கெட்டில்களில் சிலவற்றுக்கு அடியில் 110/220 என்று ஒரு சுவிட்ச் உண்டு. ஊர் திரும்பியதும் அதை 220-க்கு மாற்றாமல் நம் பாயிண்ட்டில் சொருகிவிடாதீர்கள், கெட்டில் புகைந்து போகும்.