மலையில் ஓடும் வண்டிக்குச் சைலன்சர் மாற்றும்போது செய்யக்கூடாதவை

புது வண்டி வாங்கிக் கொஞ்ச நாளிலேயே கம்பெனி சைலன்சரைக் கழற்றி மூலையில் போடும் பையன்கள் குன்னூரிலும் கோத்தகிரியிலும் வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போகிறார்கள். மாற்றாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை, மாற்றிக் கொடுத்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது. ஆனால் நாங்கள் எல்லாம் ஒரு காலத்தில் செய்து கையைச் சுட்டுக்கொண்ட அதே வேலைகளை, இத்தனை வீடியோக்களைப் பார்த்த பிறகும் இவர்கள் வரிசையாகச் செய்வதைப் பார்க்கும்போது சும்மா இருக்க முடியவில்லை. உங்கள் மாடலுக்குப் பொருந்துவதை வாங்குங்கள், சூட்டோடு தொடாதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஸ்டிக்கரைப் பார்த்து வாங்குவது

அக்ராபோவிச் விலை உயர்ந்த வெளிநாட்டு சைலன்சர் பிராண்டு. மூவாயிரம் ரூபாய்க்கு அது கிடையாது.

குழாய் பெருத்தால் இழுவை கூடும் என்று நம்புவது

"பேக் பிரஷர் வேணும்ணா" என்று ஒரு கூட்டம், "பேக் பிரஷரே இருக்கக்கூடாது" என்று இன்னொரு கூட்டம். வெளியேறும் புகைக்குக் குழாய் தரும் தடைதான் பேக் பிரஷர். இரண்டு பேரும் பாதிதான் சொல்கிறார்கள். எஞ்சினுக்குத் தேவை, எரிந்த புகை நல்ல வேகத்தில் வெளியே போவது. அந்த வேகம்தான் பின்னால் ஒரு இழுப்பை உண்டாக்கி அடுத்த மூச்சுக் காற்று உள்ளே வர உதவுகிறது. குழாயின் விட்டத்தை அளவுக்கு மேல் கூட்டினால் குறைந்த ஆர்பிஎம்மில் அந்த வேகம் செத்துவிடும். சமவெளியில் நாலுவழிச் சாலையில் ஓட்டுபவருக்கு இது பெரிதாகத் தெரியாமல் போகலாம். பர்லியாறு தாண்டி ஹேர்பின்னில் இரண்டாவது கியரில், பின்னால் ஆள் உட்கார்ந்திருக்க, முன்னால் அரசு பஸ் ஊர்ந்துகொண்டிருக்க வண்டியை எடுக்க வேண்டிய நமக்குத் தெரியும்.

இதற்கு மேல் உயரம் வேறு. ஊட்டி 2,240 மீட்டர். அங்கே டர்போ இல்லாத எந்த எஞ்சினும் தன் பலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிட்டுத்தான் ஓடுகிறது. ராயல் என்ஃபீல்டின் இன்றைய 350 எஞ்சின் கம்பெனிக் கணக்கில் 20.2 பிஎச்பி, அதன் 27 நியூட்டன் மீட்டர் டார்க் 4,000 ஆர்பிஎம்மில் கிடைக்கிறது. மலையில் நாம் பிழைப்பது அந்த 4,000க்குக் கீழேதான். அதைப் பிடுங்கிக்கொண்டு 6,000க்கு மேல் கொஞ்சம் திருப்பித் தரும் சைலன்சர் நமக்கு எதற்கு?

ஹெட் ஜாயின்ட்டில் அவசரப்படுவது

இதைத்தான் நீளமாகச் சொல்லப் போகிறேன். இன்றைக்கும் இப்படி ஒரு வண்டி உள்ளே வந்தால் எனக்கு எரிச்சல் அடங்க அரைமணி நேரம் ஆகும்.

பெண்ட் பைப், அதாவது சைலன்சருக்கு முன்னால் வளைந்து வரும் குழாய், எஞ்சின் ஹெட்டோடு சேரும் இடத்தில் பெரும்பாலான வண்டிகளில் ஹெட்டில் திருகி நிற்கும் இரண்டு ஸ்டட், இரண்டு நட், நடுவில் புகை கசியாமல் அடைக்க ஒரு வளைய கேஸ்கெட். அவ்வளவுதான். ஸ்டட் இரும்பு, ஹெட் அலுமினியம். தினமும் சூடாகிறது, ஆறுகிறது. நீலகிரியில் இதோடு ஈரம் சேர்ந்துகொள்கிறது. கூடலூர் பக்கம் ஜூன், ஜூலையில் ஊற்றினால், குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பரில் ஊற்றும். மழை இல்லாத நாளில் பனிமூட்டம். இரண்டு வருடம் ஓடிய வண்டியில் நட்டும் ஸ்டட்டும் துருப்பிடித்து ஒட்டிப் போயிருக்கும். அதில் ஸ்பேனரைப் போட்டு, நகரவில்லையே என்று ஸ்பேனர் முனையில் ஒரு குழாயைச் சொருகி நெம்பினால் முருங்கைக் கிளை மாதிரி ஒடிந்து கையோடு வந்துவிடும். பாதி ஸ்டட் ஹெட்டுக்குள்ளேயே இருக்கும்.

அருவங்காட்டிலிருந்து ஒரு தம்பி வந்தான். ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே சைலன்சர் மாற்றியிருக்கிறான், ஒரு ஸ்டட் ஒடிந்திருக்கிறது. அங்கேயே நிறுத்தியிருந்தால் பிரச்சினை சின்னது. நண்பன் வீட்டு டிரில்லைக் கொண்டுவந்து ஒடிந்த ஸ்டட்டைக் குடைந்திருக்கிறான். கை டிரில், வண்டி சைடு ஸ்டாண்டில். பிட் நடுவில் நிற்குமா? இரும்பு கடினம், அலுமினியம் மெத்து, வழுக்கிக்கொண்டு ஓரத்தில் இறங்கி ஹெட்டையே தின்றுவிட்டது. அப்புறமும் விடவில்லை. மிச்சமிருந்த ஒற்றை ஸ்டட்டில் பெண்டை மாட்டி, இடைவெளி முழுக்க சிலிக்கான் கம் அப்பி, மேட்டுப்பாளையம் வரை இறங்கி ஏறிக்கொண்டிருந்தான். இறக்கத்தில் "படார் படார்" என்று வெடித்ததை வீடியோ வேறு எடுத்து வைத்திருந்தான். "சவுண்டு செமயா இருக்குல்லண்ணா?"

தம்பி, அது சைலன்சரின் சத்தம் இல்லை, ஓட்டையின் சத்தம்.

ஆக்ஸிலரேட்டரை மூடிக்கொண்டு இறங்கும்போது எக்ஸாஸ்ட் குழாய்க்குள் அழுத்தம் அலை அலையாக ஏறி இறங்கும். இறங்கும் நொடியில் வெளிக்காற்றைவிடக் குறைந்துவிடும். ஜாயின்ட்டில் ஓட்டை இருந்தால் அதன் வழியாகக் காற்று உள்ளே இழுபடும். எஞ்சினிலிருந்து சரியாக எரியாமல் வந்த பெட்ரோல் மிச்சம் அந்தச் சூட்டில் புதுக் காற்றைப் பார்த்ததும் குழாய்க்குள்ளேயே பற்றிக்கொள்ளும். கோயமுத்தூரில் ஓட்டுபவருக்கு இது சிக்னலில் ஒரு முறை, இரண்டு முறை கேட்கும். குன்னூரிலிருந்து கல்லாறு வரை எஞ்சின் பிரேக்கிலேயே இறங்கும் நமக்கு வழி முழுக்கப் பட்டாசுதான். கார்புரேட்டர் இல்லாமல் கம்ப்யூட்டர் கணக்கில் பெட்ரோல் பீய்ச்சும் எஃப்ஐ வண்டியாக இருந்தால் இன்னொரு கூத்தும் நடக்கும். உள்ளே வந்த காற்றின் ஆக்ஸிஜனை ஓ2 சென்சார் பார்த்துவிட்டு, பெட்ரோல் குறைவாகப் போகிறது என்று அந்தக் கம்ப்யூட்டரான ஈசியுவிடம் சொல்லும், அது இன்னும் கொஞ்சம் ஊற்றும். மைலேஜ் போய்விட்டது, சைலன்சர் சரியில்லை என்று விற்றவனைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். ஓட்டையை அடைக்கப் பூசிய சிலிக்கான் கம் அந்தச் சூட்டில் கருகிப் போவது ஒரு பக்கம் இருக்க, அதிலிருந்து வரும் ஆவி ஓ2 சென்சாரையே கெடுத்துவிடும்.

அந்த வண்டிக்கு ஹெட்டை இறக்கி, கோயமுத்தூரில் லேத்துக்கு அனுப்பி, கெட்டுப்போன துளையை நிரப்பி மறுபடி குடைந்து புது இழைக்கு ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருள் போட்டு, புது ஹெட் கேஸ்கெட்டோடு ஏற்ற வேண்டியதாயிற்று. சைலன்சர் வாங்கிய காசைவிட இது அதிகம். அவன் அப்பாவுக்குப் போன் பண்ணித் தொகையைச் சொன்ன வேலையும் எனக்கே வந்தது.

இத்தனைக்கும் ஒழுங்காகச் செய்தால் இது சின்ன வேலை. முந்தின நாள் இரவே நட்டுகளில் துரு இளக்கும் ஸ்ப்ரேயை அடித்து ஊற விடுங்கள். காலையில் வண்டியைக் கொஞ்ச நேரம் ஓட விட்டு, கை பொறுக்கும் வெதுவெதுப்புக்கு வந்ததும் தொடங்குங்கள். ஆறுமுனை சாக்கெட் போடுங்கள், பன்னிரண்டு முனை நட்டின் தலையை வழித்துவிடும். முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு சின்ன அசைவு, அப்புறம் தளர்த்தும் பக்கம். கால் சுற்று வந்தால் மறுபடி உள்ளே, மறுபடி வெளியே, நடுநடுவே ஸ்ப்ரே. நட்டோடு ஸ்டட்டும் சேர்ந்து கழன்று வந்தால் பயப்படாதீர்கள், நல்லதுதான், புது ஸ்டட் போட்டுவிடலாம். எதற்கும் அசையவில்லை என்றால் நெம்பாமல் வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவாருங்கள், சூடு காட்டி எடுக்க எங்களிடம் வழி இருக்கிறது.

கழற்றியதும் டார்ச் அடித்து போர்ட்டுக்குள் பாருங்கள். பழைய கேஸ்கெட் வளையம் அங்கேயே ஒட்டியிருக்கும், கரி படிந்து ஹெட்டின் நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. அதை எடுக்காமல் மேலேயே புதுசை வைப்பவர்களும் உண்டு, புதுசே வாங்காதவர்களும் உண்டு. ஒரு தடவை நசுங்கிய வளையம் இன்னொரு தடவை நசுங்காது. டீ, வடை செலவில் வருகிற பொருளுக்குக் கணக்குப் பார்க்காதீர்கள்.

மாட்டும் வரிசைதான் அடுத்தது. முதலில் எல்லாவற்றையும் விரலால் மட்டும் திருகித் தொங்க விடுங்கள், ஹெட் நட், நடு கிளாம்ப், பின்னால் ஃபுட்ரெஸ்ட் பக்கத்து போல்ட், எல்லாம். குழாய் எங்கேயும் இழுபடாமல் தானாக உட்காருகிறதா என்று பாருங்கள். அப்புறம் ஹெட் நட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், அதற்கப்புறம் கிளாம்ப், பின் போல்ட் கடைசியில். பின் போல்ட்டை முதலில் இறுக்கிவிட்டு முன்னால் வருபவர்கள் கோணலாக நிற்கும் பெண்டை ஸ்டட்டைக் கொண்டு இழுத்து நேராக்கப் பார்க்கிறார்கள். ஸ்டட் அதற்குச் செய்ததல்ல. எட்டு மில்லி ஸ்டட் என்றால் டார்க் பெரும்பாலும் 20 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் இருக்கும், உங்கள் வண்டிக்கான எண்ணை மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். இழைகளில் கொஞ்சம் காப்பர் கிரீஸ் தடவினால் அடுத்த முறை கழற்றுபவன் உங்களை வாழ்த்துவான், ஆனால் கிரீஸ் போட்ட இழை சீக்கிரம் இறுகும் என்பதால் கையை இன்னும் நிதானமாக வையுங்கள். ஒரு ரவுண்டு போய்வந்து, முழுக்க ஆறிய பிறகு நட்டுகளை இன்னொரு முறை சரிபாருங்கள்.

லீக் இருக்கிறதா என்று அறிய, குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்த உடனே வால் பக்கத்தைத் தடிமனான துணியால் ஒரு நொடி அழுத்துங்கள். ஜாயின்ட்டில் "உஸ்" என்று கேட்டால் லீக். சில நாள் கழித்து அந்த இடத்தில் கருப்பாகக் கரிக்கோடு தெரிந்தாலும் அதேதான்.

மேலே செட் பண்ணிக் கீழே விரட்டுவது

கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டும். ஊட்டியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிடக் கிட்டத்தட்டக் கால்பங்கு குறைவு, ஆனால் கார்புரேட்டருக்கு அது தெரியாது. பெட்ரோலை அது பாட்டுக்கு விடும், கலவையில் பெட்ரோல் மிஞ்சி ரிச்சாகிவிடும். புகையைத் தடையில்லாமல் விடும் ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் அதற்கு நேர் எதிராக, கலவையைப் பெட்ரோல் குறைந்த லீன் பக்கம் தள்ளும். அதனால் பழைய புல்லட்டிலோ ஆர்எக்ஸ் 100லோ கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டைத் தொடாமல் சைலன்சரை மட்டும் மாற்றி ஊட்டியில் ஓட்டிப் பார்த்தால், ஒன்றை ஒன்று சரிக்கட்டி வண்டி முன்னைவிட நன்றாகவே இருக்கும். "ஜெட்டெல்லாம் வேண்டாம்ணா, சூப்பரா போகுது" என்பார்கள். அதே வண்டியில் மலை இறங்கி, வெயிலில் அவினாசி ரோட்டில் முறுக்கினால் உயரம் கொடுத்த ரிச் போய்விட்டது, சைலன்சர் கொடுத்த லீன் மட்டும் மிச்சம். எஞ்சின் கொதிக்கும், பிளக் வெளுத்துவிடும். டூ ஸ்ட்ரோக் என்றால் பிஸ்டன் ஜாம் ஆகும் வரை போகும்.

இரண்டு பக்கமும் ஓட்டுபவர் கீழ்நாட்டுக்கு ஏற்ற ஜெட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். மேலே வந்தால் பிளக் கொஞ்சம் கருக்கும், துடைத்துக்கொள்ளலாம். எஃப்ஐ வண்டிகள் காற்றழுத்தத்தைத் தாமே அளந்து சமாளித்துக்கொள்ளும், அங்கே கவலை வேறு. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை அப்படியே விட்டுப் பின்பகுதியை மட்டும் மாற்றும் ஸ்லிப்-ஆன் என்றால் பெரும்பாலும் தொந்தரவு இல்லை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 வண்டியில் பெண்டோடு கன்வெர்ட்டரையும் தூக்கினால் எஞ்சின் லைட், மேப்பிங், புகைச் சான்றிதழ் என்று தலைவலி வரிசையாக வரும்.

பெண்டை இழுக்கும்போது ஓ2 சென்சார் ஒயரை மறப்பது

முதலில் கனெக்டர். அப்புறம் ஸ்பேனர்.

உள்ளே சேரும் தண்ணீரை மறப்பது

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது. ஊட்டிக் குளிரில் வீட்டிலிருந்து மார்க்கெட், மார்க்கெட்டிலிருந்து வீடு என்று மட்டும் ஓட்டினால் அது வெளியே போகாமல் சைலன்சருக்குள்ளேயே தேங்கும். கம்பெனி சைலன்சரின் அடியில் பெரும்பாலும் சின்னதாக ஒரு துளை இருக்கும், மலிவான லோக்கல் சரக்கில் அது இருக்காது, உள்ளிருந்தே அரித்துவிடும். வாங்கும்போது ஸ்டீலைக் கேளுங்கள், அடித்துளையைத் தேடுங்கள். காந்தம் ஒட்டினால் போலி என்று சிலர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், எக்ஸாஸ்ட்டுக்கு நெடுங்காலமாகப் பயன்படும் 409 ஸ்டெயின்லெஸ்ஸிலும் காந்தம் ஒட்டும்.

டிபி கில்லரைக் கழற்றி வீசுவது

சைலன்சர் வாயில் சத்தத்தை அடக்கச் செருகியிருக்கும் துண்டுதான் டிபி கில்லர். 175 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வண்டிக்குத் தயாரிப்பு நிலையிலேயே 80 டெசிபல்தான் வரம்பு. ஐரோப்பிய 'இ' முத்திரை குத்தியிருக்கிறதே என்று போலீஸிடம் காட்டிப் பயனில்லை, அது இங்கே அனுமதி ஆகாது. மோட்டார் வாகனச் சட்டம் 190(2)இன்படி சத்த வரம்பை மீறினால் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ 3 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம், லைசென்ஸும் 3 மாதம் போகும். வண்டியை மாற்றியதற்கு 182ஏ தனி.

சட்டத்தை விடுங்கள். கோத்தகிரி ரோட்டில் வளைவு திரும்பினால் தேயிலைத் தோட்ட ஓரத்தில் காட்டெருமை நிற்கும். மசினகுடிப் பக்கம் யானை. திறந்த பைப்போடு அவற்றின் முன்னால் போய் நின்று ஆக்ஸிலரேட்டரை முறுக்கிப் பார்க்கும் ஆட்களுக்கு நான் சைலன்சர் மாட்டித் தருவதில்லை.

ரெயின்கோட்

உருகும். ஹீட் ஷீல்டு இல்லாத சைலன்சரை வாங்காதீர்கள்.

கம்பெனி சைலன்சரை விற்றுவிடுவது

பதினைந்து வருடம் கழித்து ஆர்சி புதுப்பிக்க ஆர்டிஓ ஆபீஸில் வண்டியைக் காட்டும்போதும், அதற்கு முன்பே வண்டியை விற்கப் போகும்போதும் அது வேண்டும். பழைய இரும்புக் கடைக்காரன் கொடுக்கும் காசுக்கு அது திரும்பக் கிடைக்காது. உள்ளே ஈரம் காய்ந்த பிறகு இரண்டு முனையையும் துணியால் நன்றாக அடைத்து, நட்டு போல்ட்டுகளை ஒரு கவரில் போட்டு அதோடு கட்டி, பரணில் வையுங்கள். அடைக்காமல் வைத்தால் குளவி கூடு கட்டும்.