மலைவீட்டுக்கு ட்ராலி ஜாக்கி: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடைக்குப் போய் ட்ராலி ஜாக்கி, அதாவது காரைத் தூக்கும் சக்கரம் வைத்த ஹைட்ராலிக் ஜாக்கி, வேண்டும் என்றால் "எத்தனை டன்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கோவையில் சமதளமான போர்டிகோவில் காரை நிறுத்துபவருக்கு அந்தக் கேள்வி போதும். குன்னூரிலோ கோத்தகிரியிலோ வீடு இருப்பவர் அதற்கு முன்னால் இன்னொன்றை முடிவுசெய்ய வேண்டும்: வண்டியை எந்த இடத்தில் வைத்து ஏற்றப்போகிறோம்? இங்கே வண்டி நிற்கும் இடம் பெரும்பாலும் சாலையோரச் சரிவு, அல்லது மழைத்தண்ணீர் ஓடுவதற்காக வாட்டம் விட்டுப் போட்ட சிமெண்ட் தளம், அல்லது வெறும் செம்மண். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அந்தத் தரையை ஜாக்கி மாற்றிவிடாது.

சொந்தமாக ஒரு ஜாக்கி இருப்பது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மேட்டுப்பாளையம் – குன்னூர் பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும், ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடி இறங்கும் 36 வளைவுகளிலும் ஓடுகிற வண்டிக்கு பிரேக் பேடு சீக்கிரம் தேயும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஒடித்துத் திருப்புவதால் முன்சக்கர ஆக்சிலின் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்கவும் வேண்டும். சக்கரத்தைக் கழற்றினால் கண்ணுக்குத் தெரிந்துவிடும் விஷயங்கள் இவை. இதற்காக ஒவ்வொரு தடவையும் ஒர்க்‌ஷாப்பில் அரைநாள் காத்திருக்க வேண்டியதில்லை.

"சின்ன சரிவுதானே, பரவாயில்லை"

ட்ராலி ஜாக்கிக்கு ஏன் சக்கரம் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டால், இழுத்துப்போக வசதியாக இருக்கட்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது பாதிக் காரணம்தான். ஜாக்கியின் கை ஒரு முனையில் கீல் போட்டு மாட்டப்பட்டிருக்கிறது. அதனால் வண்டியைத் தாங்கும் தலைப்பகுதி நேராக மேலே போவதில்லை. வில் போல வளைந்து, கைப்பிடி இருக்கும் பக்கமாகக் கொஞ்சம் பின்னால் வந்தபடியே ஏறும். வண்டிக்குக் கட்டை கொடுத்திருக்கிறோம், அது நகராது. அப்படியானால் ஜாக்கிதான் வண்டிக்கு அடியில் உருண்டு முன்னேறி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்ட வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் அது உருள வேண்டும். ஈர மண்ணில் அதன் சின்ன இரும்புச் சக்கரங்கள் புதைந்தாலோ, பேவர் பிளாக் இடுக்கில் மாட்டினாலோ, ஒரு சரளைக்கல் தடுத்தாலோ, தலை வண்டியின் அடியிலிருந்து மெல்ல நழுவும். பம்ப் அடித்துக்கொண்டிருப்பவருக்கு இது கடைசி நொடி வரை தெரியாது.

சரிவில் பிரச்சினை வேறு. அங்கே ஜாக்கி எந்நேரமும் கீழ்ப்பக்கம் உருளப் பார்க்கும், மேலே இருக்கும் வண்டியும் அதே பக்கம் சாயப் பார்க்கும். ஜாக்கியை வண்டியின் பக்கவாட்டிலிருந்து செருகினால் அதன் முன்சக்கரங்கள் குறுக்காகத்தான் உருளும்; வண்டி முன்னால் பின்னால் இம்மி அசைந்தாலும் ஜாக்கி பக்கவாட்டில் கவிழும் விசையைத் தாங்க வேண்டிவரும். ஒல்லியான மலிவு ஜாக்கிகள் கவிழ்வது இப்படித்தான்.

ஆகவே ஜாக்கி வாங்குவதற்கு முன் தரையை அளந்துவிடுங்கள். கொத்தனாரிடம் இருக்கும் ரசமட்டம் போதும். ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான சட்டத்தைத் தரையில் வைத்து, அதன்மேல் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவுக்கு வரும்வரை தாழ்ந்த முனையை உயர்த்துங்கள். எவ்வளவு உயர்த்தினீர்களோ அதுதான் உங்கள் வாட்டம். நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் இரண்டு முறை பாருங்கள். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் போனால் நான் அங்கே வண்டியை ஏற்றமாட்டேன். கம்பெனிக் கையேடுகள் அந்தச் சலுகைகூடத் தருவதில்லை. சமமான, கெட்டியான தரை என்றே எழுதியிருக்கும்.

மண் தரைதான் இருக்கிறது என்றால் பலகை போடலாம், ஆனால் அதிலும் ஒரு தவறு நடக்கிறது. முன்சக்கரத்துக்கு அடியில் மட்டும் ஒரு சின்னத் துண்டைச் செருகிவிட்டு ஏற்றுவார்கள். ஜாக்கி உருளும்போது பலகையின் விளிம்பில் வந்து முட்டி நிற்கும். ஜாக்கி முழுவதும் ஏறி நின்று, முன்னும் பின்னும் உருள இடமிருக்கிற அளவுக்குப் பலகை நீளமாக இருக்க வேண்டும், 18 மி.மீ. பிளைவுட் துண்டு ஒன்று சரியாக வரும். கூடலூரிலும் ஊட்டியின் மேற்குப் பக்கமும் ஜூனிலிருந்து மழை. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் ஐப்பசி மழை. அந்த மாதங்களில் மண் தரையில் பலகையோடும் ஏற்றாமல் இருப்பதே நல்லது. உண்மையில் ஜாக்கிக்கு ஒதுக்கிய காசில் பாதியைச் சமமான சிமெண்ட் தளத்துக்குச் செலவழித்துவிட்டு, மீதியில் கிடைக்கும் ஜாக்கியை வாங்கினாலும் தப்பில்லை.

"கியரில் போட்டிருக்கேன், ஹேண்ட் பிரேக்கும் இழுத்திருக்கேன்"

மலையில் வண்டி ஓட்டுபவர்கள் நிறுத்துவதில் கெட்டிக்காரர்கள். இறக்கத்தில் ரிவர்ஸ், ஏற்றத்தில் முதல் கியர், சக்கரத்தைச் சுவர்ப்பக்கம் ஒடித்து வைப்பது எல்லாம் கைப்பழக்கம். நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்வரை அது போதும். ஒன்று தூக்கப்பட்டதும் கணக்கு மாறிவிடும்.

ஸ்விஃப்ட், ஆல்டோ, ஐ10 போன்றவை முன்சக்கரத்தால் இழுக்கப்படும் வண்டிகள். கியர், டிஃபரன்ஷியல் (இருபக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பற்சக்கர அமைப்பு) வழியாக இரண்டு முன்சக்கரங்களையும் சேர்த்துத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு முன்சக்கரத்தைத் தூக்கினால் அது அந்தரத்தில் தடையில்லாமல் சுற்றும். அது ஒருபக்கம் சுற்றினால் தரையில் இருக்கும் மற்ற முன்சக்கரம் எதிர்ப்பக்கம் உருளலாம். அதாவது கியரின் பிடி போய்விட்டது. மிச்சம் இருப்பது பின்சக்கரங்களில் உள்ள ஹேண்ட் பிரேக் மட்டுமே. ஆட்டோமேட்டிக் வண்டியின் 'பி' நிலைக்கும் இதே கதி. பொலேரோ மாதிரி பின்சக்கரம் தள்ளும் வண்டியில் ஒரு பின்சக்கரத்தைத் தூக்கும்போது இது நடக்கும். பழைய வில்லிஸ் ஜீப்பில் இன்னும் மோசம்: அதன் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் (எஞ்சின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) பின்னால், பின்சக்கரங்களுக்குப் போகும் ஷாஃப்ட்டைப் பிடிக்கும். ஒரு பின்சக்கரம் மேலே போனால் கியரும் பிரேக்கும் சேர்ந்தே கைவிடும். எஸ்டேட்டுகளில் பழைய ஜீப் இன்னும் ஓட்டுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எனவே ஜாக்கியோடு இரண்டு ஆப்புக்கட்டைகள் கட்டாயம் வாங்குங்கள். தூக்கப்போகும் சக்கரத்துக்கு மூலைவிட்டத்தில் எதிரே உள்ள சக்கரத்தின் முன்னும் பின்னும் இறுக்கமாகத் தட்டி வையுங்கள். ரோட்டோரக் கல்லை வைத்துப் பழகியிருப்பீர்கள். உருண்டைக் கல் சிமெண்ட் தரையில் சக்கரத்தோடு சேர்ந்து வழுக்கிப் போகும். முக்கோணமாக அறுத்த கெட்டி மரக்கட்டை அதைவிட எவ்வளவோ மேல். வீல் நட்டுகளையும் சக்கரம் தரையில் இருக்கும்போதே இளக்கிவிடுங்கள். ஸ்பேனரில் ஏறி மிதிக்கிற மிதியெல்லாம் ஏற்றிய வண்டிக்கு ஆகாது.

"மூணு டன்னே வாங்கிடலாம்"

டன் கணக்கில் பெரும்பாலோர் தேவைக்கு மேல்தான் வாங்குகிறார்கள். ஸ்விஃப்ட் எடை ஒரு டன்னுக்குள். எஞ்சின் முன்னால் இருப்பதால் எடையில் சுமார் 60 சதவீதம் முன்பக்கம் விழுகிறது. முன்பக்கம் முழுவதையும் நடுவில் வைத்துத் தூக்கினாலும் 600 கிலோவைத் தாண்டாது. பொலேரோ, இன்னோவா கிரிஸ்டா எல்லாம் ஒன்றரை டன்னுக்கு மேல். ஆனாலும் ஒரு மூலையைத் தூக்க இரண்டு டன் ஜாக்கி தாராளம். கவனிக்க வேண்டியது வேறு இரண்டு எண்கள்: தலை எவ்வளவு கீழே இறங்கும், எவ்வளவு மேலே ஏறும்.

பிளாஸ்டிக் பெட்டியில் வரும் சின்ன இரண்டு டன் ஜாக்கிகள் ஏறக்குறைய 135 மி.மீட்டரிலிருந்து 330 மி.மீட்டர் வரை போகும். கார்களுக்குப் பொதுவாகச் சரிப்படும். ஸ்விஃப்ட்டின் தரை இடைவெளி 163 மி.மீ.; டயர் பஞ்சராகி வண்டி உட்கார்ந்துவிட்டால் அதிலும் சில சென்டிமீட்டர் குறையும், அப்போது ஜாக்கி உள்ளே போகாது என்பதுதான் சிக்கல். உயரமான வண்டிகளில் இதற்கு நேர்மாறு. சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், வைத்துத் தூக்கினால், வண்டி மேலே போகப் போக ஸ்பிரிங் விரிந்து சக்கரம் கீழேயே தங்கும்; 330 மி.மீ. முடிந்துவிடும், டயர் தரையை விட்டிருக்காது. உடனே ஜாக்கியின் தலைமேல் ஒரு கட்டையை வைத்து உயரம் கூட்டுவார்கள். இதைச் செய்யவே செய்யாதீர்கள். கட்டை சாய்ந்தால் வண்டி விழும். பொலேரோ போன்றவற்றில் பின்பக்கம் ஒரே உறுதியான ஆக்சில். அதற்கடியில், சக்கரத்துக்கு அருகே வைத்துத் தூக்கினால் ஸ்பிரிங் விரிய வேண்டியதில்லை, கொஞ்ச உயரத்திலேயே டயர் எழும்பிவிடும். அல்லது முதலிலேயே 450, 500 மி.மீ. ஏறும் ஜாக்கியாகப் பார்க்க வேண்டும்.

அந்தப் பெரிய இரும்பு ஜாக்கி 30 கிலோவுக்கு மேல் இருக்கும். வீடு ரோட்டுக்குக் கீழே, இடையில் நாற்பது ஐம்பது படி என்றால், பாசி பிடித்த படியில் அதைத் தூக்கிக்கொண்டு ஏறுவது யார்? அதனால் அது மேலேயே, தார்ப்பாய்க்கு அடியில் மழையில் கிடக்கும். மேலே பூட்டி வைக்க இடமில்லாதவர் பத்து கிலோ ஜாக்கி வாங்குவதே புத்திசாலித்தனம். காசு இருந்தால் அலுமினிய ஜாக்கி; எடை பாதியாகும், விலை ஏறும்.

ஜாக்கி மட்டும் வாங்குவது

எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். ஜாக்கி ஏற்றி இறக்கத்தான், தாங்கி நிற்க அல்ல. உள்ளே இருப்பது எண்ணெய், ரப்பர் சீல், ஒரு சின்ன இரும்புக் குண்டு வால்வு. இந்த மூன்றில் எது சொதப்பினாலும் வண்டி இறங்கும். அடியில் தலையை நீட்டுவதாக இருந்தால் இரண்டு ஜாக் ஸ்டாண்ட், அதாவது தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் இரும்புத் தாங்கிகள், வேண்டும். ஹாலோ பிளாக், செங்கல் எல்லாம் வைக்கிறார்கள். அவை முன்னறிவிப்பு தராமல் நொறுங்கும்.

ஸ்டாண்டிலும் பார்த்துத்தான் வாங்க வேண்டும். அமெரிக்காவில் ஹார்பர் ஃபிரைட் நிறுவனம் 2020-இல் தான் விற்ற பிட்ஸ்பர்க் பிராண்டு ஸ்டாண்டுகளை லட்சக்கணக்கில் திரும்பப் பெற்றது. ஸ்டாண்டின் உயரத்தைப் பிடித்து வைக்கும் பல்லில் மாட்ட வேண்டிய கொக்கி போதிய ஆழத்துக்கு மாட்டாததே காரணம். குறுக்கே கம்பி செருகும் வகை எளிமையானது, நான் அதைத்தான் சொல்வேன். பல் வகை வேண்டுமென்றால் கூடுதலாக ஒரு பூட்டுக் கம்பி உள்ளதா என்று பாருங்கள். பெட்டியில் எழுதியிருக்கும் டன், ஒன்றுக்கா ஜோடிக்கா என்பதையும் கேளுங்கள்.

பனியும் துருவும் எண்ணெயும்

கார்களின் கதவுக்குக் கீழே, பக்கவாட்டு விளிம்பில் ஒரு தகட்டு மடிப்பு ஓடும். ஜாக்கி வைக்கும் இடம் அதில் குறிக்கப்பட்டிருக்கும். இரும்புத் தலையை நேராக அதில் வைத்தால் மடிப்பு நசுங்கி பெயிண்ட் உடையும். மஞ்சூரிலும் கொடைக்கானலிலும் மூடுபனி நாள்கணக்கில் விலகாதபோது, உடைந்த பெயிண்ட்டுக்குள் துரு புகுந்தால் அப்புறம் நிற்காது. நடுவில் வெட்டுவிட்ட ரப்பர் பேடு ஒன்று வாங்கித் தலைமேல் வைத்துக்கொள்ளுங்கள். மலிவான பொருள்.

மார்கழி, தை மாதங்களில் ஊட்டியில் உறைபனி விழும் காலையில் எண்ணெய் கெட்டிப்படும். கைப்பிடி கனக்கும், இறக்கும்போது வண்டி மெதுவாக இறங்கும். பொறுமையில்லாமல் இறக்கும் வால்வை இன்னும் திருகினால் எண்ணெய் சட்டென்று வழிவிட்டு வண்டி தொப்பென்று விழும். வெயில் வந்ததும் செய்தால் என்ன அவசரம்? எண்ணெய் குறைந்தால் ஹைட்ராலிக் ஜாக் ஆயில் மட்டுமே ஊற்ற வேண்டும். பிரேக் ஆயில் ஊற்றினால் சீல் ஊதிக் கெட்டுப்போகும். வேலை முடிந்ததும் ஜாக்கியை முழுக்க இறக்கியே வையுங்கள். தேய்த்து மெருகேற்றிய தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஈரக்காற்றில் புள்ளி புள்ளியாகத் துருப்பிடித்து, அடுத்தமுறை சீலைக் கிழிக்கும்.

ஆன்லைனில் வாங்கினால், கீழிருந்து மலையேறி வரும் பார்சல் எத்தனை முறை தலைகீழாகப் புரண்டதோ தெரியாது. எண்ணெய் கசிந்திருக்கலாம், உள்ளே காற்று புகுந்திருக்கலாம். வண்டிக்கு அடியில் கொண்டுபோகும் முன், இறக்கும் வால்வைத் திறந்துவிட்டுக் கைப்பிடியைப் பத்துப் பன்னிரண்டு முறை அடியுங்கள், காற்று வெளியேறும். பிறகு வால்வை மூடி, வெறும் ஜாக்கியை உச்சிவரை ஏற்றி இறக்கிப் பாருங்கள். அடுத்து வண்டியின் ஒரு மூலையை, டயர் தரையை விட்டு விரற்கடை மட்டும் எழும்பும்படி ஏற்றி, கால்மணி நேரம் அப்படியே விட்டு வாருங்கள். திரும்பி வரும்போது டயர் தரையைத் தொட்டிருந்தால், பெட்டியைத் தூக்கிப்போடும் முன்பே திருப்பி அனுப்பிவிடலாம்.