நெல் வயலில் சென்சார் வைக்கும் பொறியியல் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைச் சற்றுக் காயவிட்டு மறுபடி பாய்ச்சி, தண்ணீர் கட்டும் வேலையை ஒரு கருவியிடம் ஒப்படைப்பது, டெல்டாவில் படிக்கும் பொறியியல் மாணவர்களுக்கு அருமையான ஆராய்ச்சித் தலைப்பு. கல்லூரி லேபில் ஓடிய கருவி வயலில் படுத்துவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் சர்க்யூட்டில் இருப்பதில்லை.

முதலில் பருவம். இறுதி செமஸ்டர் ஜனவரி வாக்கில் தொடங்கும். அப்போது சம்பா அறுப்புக்கு நிற்கும், வயலில் உளுந்தும் பயறும் தெளித்துக்கொண்டிருப்பார்கள், மேட்டூர் அணையை மூடும் வழக்கமான நாளான ஜனவரி 28 நெருங்கியிருக்கும். தண்ணீரே பாய்ச்சாத வயலில் எதை அளப்பது? ஐப்பசி, கார்த்திகையிலும் இந்த ஆய்வு சரிப்படாது. அந்த மழையில் தண்ணீரை வடிப்பதுதான் விவசாயியின் கவலை. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான குறுவையில், போர்செட் உள்ள வயலாகப் பார்த்துச் செய்யுங்கள். அப்படியென்றால் மூன்றாம் ஆண்டு முடியும்போதே கருவி தயாராக இருக்க வேண்டும்.

நீர்மட்டம் பார்க்க 30 செ.மீ நீளம், 10 முதல் 15 செ.மீ விட்டமுள்ள பிவிசி குழாய் போதும். கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளை போட்டு, அந்த 15 செ.மீ பகுதியை மண்ணுக்குள் இறக்க வேண்டும். இறக்கியதும் குழாய்க்குள் இருக்கும் சேற்றை அள்ளிவிட வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். சேறு அடைத்துக்கொண்டால் உள்ளே ஒரு மட்டமும் வெளியே ஒரு மட்டமும் இருக்கும். எட்டிப் பார்க்க வசதி என்று வரப்பை ஒட்டிக் குழாயை வைக்காதீர்கள்; நண்டு வளையிலும் எலி வளையிலும் தண்ணீர் ஒழுகி, அந்த இடத்து மட்டம் மட்டும் வேகமாக இறங்கும். வயலின் மேடான இடமும் வேண்டாம், பள்ளமும் வேண்டாம்.

மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ இறங்கியதும், தரைக்கு மேல் 5 செ.மீ நிற்கும்படி பாய்ச்சுவது விதி. இதையே பருவம் முழுவதற்கும் நிரலில் எழுதிவிடுவது பயிருக்குக் கேடு. நட்ட முதல் இரண்டு வாரம் தண்ணீர் நிற்காவிட்டால் களை மண்டும். பூக்கும் பருவத்தில், அதற்கு முன் ஒரு வாரமும் பின் ஒரு வாரமும் சேர்த்து, வயல் காயவே கூடாது. காய்ந்தால் பதர் அதிகமாகும். நடவுத் தேதியையும் ரகத்தின் வயதையும் உள்ளீடாக வாங்காத நிரலை விவசாயியின் வயலில் ஓட்டாதீர்கள்.

ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தை அளக்கும் எச்.சி-எஸ்ஆர்04 போன்ற மீயொலி சென்சாருக்கு வெப்பநிலைத் திருத்தம் கட்டாயம். காற்றில் ஒலியின் வேகம் 25 டிகிரியில் நொடிக்குச் சுமார் 346 மீட்டர், 40 டிகிரியில் சுமார் 355 மீட்டர். திருத்தம் இல்லாவிட்டால் 30 செ.மீ தூரத்தில் கிட்டத்தட்ட 8 மி.மீ பிழை வரும். வெயில் ஏற ஏற, தண்ணீர் உண்மையில் இருப்பதைவிட உயரமாகக் காட்டும். நீர் புகாத வகையான ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி வாங்கினால் வேறொரு சிக்கல்: அதற்கு 20 செ.மீக்குள் இருப்பது தெரியாது. குழாயின் வாயிலேயே பொருத்தினால், 10 செ.மீ தொலைவில் நிற்கும் தண்ணீரை அது தவறவிடும். குழாயை மேலே நீட்டி உயரத்தில் பொருத்துங்கள். குழாய்ச் சுவரில் பட்டு வரும் எதிரொலியும் கலக்கும் என்பதால், ஒவ்வொரு முறையும் பல அளவுகள் எடுத்து அவற்றின் நடு மதிப்பைக் கொள்ளுங்கள்.

மண் ஈர சென்சாரை இதற்கு நம்ப வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. களிமண் காய்ந்து வெடிக்கும்போது முனைக்கும் மண்ணுக்கும் இடையில் காற்று புகுந்துவிடும். வேதாரண்யம் பக்கத்து உப்பு மண்ணில் அளவே மாறிப்போகும்.

குறைந்த மின்சாரத்தில் தொலைதூரத்துக்குத் தரவு அனுப்பும் லோரா ரேடியோவுக்கு ஐரோப்பிய மாதிரி நிரலில் உள்ள 868.1 மெகாஹெர்ட்ஸை அப்படியே விடாதீர்கள்; இங்கே உரிமமின்றிப் பயன்படுத்தக்கூடிய 865–868க்குள் மாற்றுங்கள். வயரை வெறுமனே வரப்பில் புதைத்தால் எலி கடித்துவிடும். இரும்புக் குழாய்க்குள் விடுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, அளக்காமலே ‘30 சதவீதம் தண்ணீர் மிச்சம்’ என்று எழுதுவது. கணக்கு எளிது. ஒரு மா, அதாவது 33 சென்ட், சுமார் 1,338 சதுர மீட்டர். அதில் 5 செ.மீ தண்ணீர் நிற்க ஏறத்தாழ 67,000 லிட்டர் வேண்டும். பம்ப்செட் தண்ணீரை 200 லிட்டர் டிரம்மில் பிடித்து ஸ்டாப்வாட்சில் பாருங்கள். 20 நொடியில் நிரம்பினால் நொடிக்கு 10 லிட்டர்; அந்த மாவுக்குக் குறைந்தது 1 மணி 52 நிமிடம் மோட்டார் ஓட வேண்டும். வெடிப்பில் இறங்கும் தண்ணீர் இதற்கு மேல். நிலத்தடி நீர் இறங்கினாலும் மின்னழுத்தம் குறைந்தாலும் மோட்டாரின் ஓட்டம் மாறும் என்பதால், இந்த அளவை ஒரே முறையோடு நிறுத்தாதீர்கள். மழைமானியும் வையுங்கள். கருவி வைத்த வயல் ஒன்று, வைக்காத வயல் ஒன்று என்று ஒப்பிட்டால் எதுவும் நிரூபணமாகாது. ஒரே ரகம், ஒரே நடவு நாள், ஒவ்வொரு பாசன முறைக்கும் மூன்று பாத்திகளாவது வேண்டும். நடுவரப்பு கசிந்தால் ஒன்றின் தண்ணீர் மற்றதற்குப் போய்விடும் என்பதால் வரப்புக்குள் பிளாஸ்டிக் தாளை இறக்குங்கள். விளைச்சலையும் எடைபோட்டு, 14 சதவீத ஈரப்பதத்துக்குச் சரிசெய்து சொல்லுங்கள். நெல் குறைந்தால் மிச்சமான தண்ணீர் விவசாயிக்கு ஆறுதலாகாது.

செய்திக்குறிப்பு எழுதும்போது ‘காப்புரிமை பெற்றனர்’ என்ற சொல்லில் கவனம் தேவை. விண்ணப்பங்கள் பொதுவாகத் தாக்கலான 18 மாதத்தில் காப்புரிமை அலுவலக இதழில் வெளியாகும்; படிவம் 9 கொடுத்தால் முன்பே வெளியாகும். அது வெளியீடு மட்டுமே. படிவம் 18 கொடுத்து, ஆய்வு முடிந்து வழங்கப்பட்டால்தான் காப்புரிமை. கருத்தரங்கில் முழு வடிவமைப்பையும் காட்டிவிட்டுப் பிறகு விண்ணப்பித்தால் புதுமையே கேள்விக்குள்ளாகலாம். கட்டுரை அனுப்புமுன் தற்காலிக விவரக்குறிப்பையாவது தாக்கல் செய்யுங்கள். முழு விவரக்குறிப்பு கொடுக்க அன்றிலிருந்து 12 மாதம் அவகாசம் உண்டு.